எக்ஸ் கதிருக்குப் பயந்து போனை அணைக்க வேண்டாம்

"தூரத்து விண்மீன் திரளில் இருந்து இன்றிரவு எக்ஸ் கதிர் தாக்கப்போகிறது, போனை அணைத்துத் தள்ளி வையுங்கள்" என்று கல்லடி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி பிழை. அதில் வரும் ஜிஎஸ்என் 069 என்ற விண்மீன் திரள் உண்மையில் இருக்கிறது: அங்குள்ள கருந்துளைப் பக்கமிருந்து சுமார் 9 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எக்ஸ் கதிர் திடீரெனக் கூடிக் குறைவதை 2018 டிசம்பரில் எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்தொலைநோக்கி கண்டது, காரணத்தை இன்னும் ஆராய்கிறார்கள். ஆனால் அது ஏறத்தாழ 25 கோடி ஒளியாண்டு தூரம்! வந்து சேரும் கொஞ்சநஞ்சக் கதிரையும் நம் வளிமண்டலம் உறிஞ்சிவிடும், அதனால்தான் அந்தத் தொலைநோக்கியையே விண்வெளியில் வைத்திருக்கிறார்கள். நாசாவின் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் இணையதளத்திலும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் இணையதளத்திலும் நீங்களே பார்க்கலாம். கடலுக்குப் போனவர்களின் வீட்டில் இரவு போனை அணைத்து வைத்தால் அவசரத்துக்கு என்ன செய்வது? தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், ஏற்கனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் பிழை என்று போட்டுவிடுங்கள்.