சைடுகார் வண்டி மலை வளைவில் கவிழாதா?

சைடுகார் என்பது பைக்கின் பக்கவாட்டில் மாட்டும் ஒற்றைச் சக்கர இருக்கை வண்டி. "பைக்கில் சைடுகார் மாட்டிவிட்டால் மூன்று சக்கரம், ஊட்டி கல்லட்டி மலைப்பாதையில் எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் கவிழாது. மூன்று சக்கரமும் நேர்க்கோட்டில் இணையாக இருந்தால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

நம் ஊரில் சைடுகார் இடப்பக்கம். சைடுகாரில் ஆளில்லாமல் இடது கொண்டை ஊசி வளைவில் வேகமாகத் திரும்பினால் அதன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். வண்டி வலப்பக்கம் சாயும். வலது வளைவில் பாரம் சைடுகார் மேல் விழுந்து பின்சக்கரம் தூக்கும். பந்தயத்தில் கூட வருபவர் ஒவ்வொரு வளைவிலும் உடம்பை வளைவின் உள்பக்கமாகச் சாய்ப்பது இதற்காகத்தான், வேடிக்கைக்கு அல்ல. ஆளில்லையென்றால் சைடுகாரின் உள்தளத்தில், இடது ஓரமாக, 25–30 கிலோ மணல் மூட்டையை இறுகக் கட்டுங்கள்.

சக்கரங்களை இணையாக வைத்தால் வண்டி சதா இடப்பக்கம் இழுக்கும். பைக்கின் இரு சக்கரங்களையும் ஒட்டி ஒரு நேரான கட்டை, சைடுகார் சக்கரத்தை ஒட்டி இன்னொன்று வையுங்கள். இரு கட்டைகளுக்கும் நடுவே முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட 10–20 மி.மீ. குறைவாக இருக்கட்டும். ஆள் உட்கார்ந்த நிலையில் பைக் 1–2 டிகிரி வெளிப்பக்கம், அதாவது வலப்பக்கம், சாய வேண்டும். சைடுகார் அச்சு பின்சக்கர அச்சுக்கு 150–250 மி.மீ. முன்னால், அதிகமானால் டயர் தேயும், ஹேண்டில் கனக்கும்.

இன்னொன்று: சைடுகாரில் பிரேக் இல்லையென்றால், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டி வலப்பக்கம், எதிரே வரும் பஸ்ஸை நோக்கி இழுக்கும்.