ஜான் டூயி சொன்னது அதுவல்ல

“பிள்ளைகளை இஷ்டப்படி விடுங்கள், ஆசிரியர் குறுக்கிடக் கூடாது என்றார் அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், தச்சு வேலையும் செய்தார்கள். எல்லாம் திட்டமிட்ட பாடங்கள். பருத்திக் காயிலிருந்து கையால் பஞ்சைப் பிரிக்க ஒரு குழு அரை மணி நேரம் போராடியது. கிடைத்தது ஓர் அவுன்ஸுக்கும் குறைவு. முற்காலத்தில் கம்பளியைவிடப் பருத்தித் தொழில் ஏன் பின்தங்கியிருந்தது என்பதைப் பிள்ளைகளே கண்டுகொண்டார்கள். எவ்வளவு அழகான வரலாற்றுப் பாடம்! ஆசிரியரின் வழிகாட்டல் இல்லாமல் இது நடந்திருக்காது.

தம் பெயரால் பரவிய கட்டற்ற போக்கை 1938-இல் ‘அனுபவமும் கல்வியும்’ நூலில் டூயியே கண்டித்தார். எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்பதே அவர் வாதம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற அம்பேத்கர் கடைசிவரை மதித்தது இந்த டூயியைத்தான்.