டைமிங்குக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

ராம் டைமிங்கை (கம்ப்யூட்டர் மெமரியின் காத்திருப்பு எண்களை) இறுக்கினால், அதாவது குறைத்தால், கேம் வேகமாக ஓடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மைதான், ஆனால் எல்லாருக்கும் இல்லை.

சிஎல் எண்ணை (கேட்ட தரவைத் தர ராம் எத்தனை கிளாக் சுற்று எடுக்கிறது என்பதை) மட்டும் பார்த்து வாங்காதீர்கள். டிடிஆர்4 3200 சிஎல் 16, டிடிஆர்4 3600 சிஎல் 18, டிடிஆர்5 6000 சிஎல் 30 மூன்றிலும் தரவு வர ஆகும் தாமதம் ஒன்றுதான்: 10 நானோசெகண்ட். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி ராம் வேகத்தால் (3200, 3600 போன்ற எண்) வகுத்தால் கணக்கு வந்துவிடும். 6000-இல் சிஎல் 40 என்றால் 13.3.

1080பி-யில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுபவருக்கு டைமிங் இறுக்கிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதுவும் சராசரியைவிட, சண்டை நடுவில் சட்டென்று விழும் எஃப்பிஎஸ்ஸில்தான் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) அதிகம் தெரியும். 4கே-யில் கிராபிக்ஸ் கார்டே திணறும்போது பெரிதாக ஒன்றும் மாறாது. 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) உள்ள ரைசன் 5800எக்ஸ்3டி ப்ராசசர் வைத்திருப்பவருக்கும் லாபம் குறைவுதான்.

என் தம்பிக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினோம். 3200 ராம்தான், ஆனால் ஒரே ஸ்டிக். எக்ஸ்எம்பி-யை (ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யாததால் 2133-இலேயே ஓடிக்கொண்டிருந்தது. பல மாதம் கழித்துத்தான் கவனித்தேன், மனசு ஆறவில்லை. பயாஸில் எக்ஸ்எம்பி போட்டு, இன்னொரு ஸ்டிக் சேர்த்து டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்வது) ஆக்கியதில் கிடைத்த வேகம், அப்புறம் நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து டைமிங் இறுக்கியதில் கிடைக்கவில்லை.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. மார்கழியில் பிழையில்லாமல் ஓடிய டைமிங், ஏசி இல்லாத அறையில் மே மாதம் கிராஷ் ஆனது. ராம் சூடானால் பிழை வரும். வெயில் காலத்தில் மெம்டெஸ்ட்டை (ராமில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் மென்பொருள்) மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.