பர்கூருக்கெல்லாம் ஃபிளக்ஸா?

மூன்று நாளாக எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். அக்காவும், "விடுடா, எவனோ என்னமோ சொல்லிட்டுப் போறான்" என்றாள். ஆனால் எங்கள் ஊர் ஃபிளக்ஸைக் கிண்டல் செய்து ஒருத்தர் போட்ட அந்தப் படம் நேற்று ராத்திரி எங்கள் கம்பெனி வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டது. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். போட்டவருக்கு அந்த ஃபிளக்ஸில் இருக்கிற பெண் என் அக்கா மகள் என்று தெரியாது. தெரிந்த ஒருத்தர் மட்டும் எனக்குத் தனியாக "சாரி சார்" என்று அனுப்பினார். அவர் எதற்கு சாரி சொல்ல வேண்டும்?

எந்தப் படம் என்று கேட்காதீர்கள். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாருமே பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் பகிர்ந்தும் இருப்பீர்கள். அக்கா மகளுக்குப் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்ததற்கு ஊர்ப் பையன்கள் ஆளுக்கு நூறு இருநூறு போட்டுக் கட்டிய ஃபிளக்ஸ். "எங்கள் ஊரின் முதல் பெண் பொரியாளரே வாழ்க" என்று இருந்தது. ஆமாம், சின்ன 'ரி'தான். அதற்குச் சிரித்திருந்தால் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன். பொரி கடலை விற்கப் போகிறாயா என்று அவளை நானே கேட்டேன்.

அதைப் படமெடுத்துப் போட்ட எங்கள் ஊர் அண்ணன் சிரித்தது அதற்கு இல்லை. "பர்கூருக்கெல்லாம் ஃபிளக்ஸா? ஓசி சீட்டுக்கு இந்த அலப்பறையா? நம்ம ஊரு எப்பத்தான் தருமபுரியைத் தாண்டி யோசிக்கப் போகுது?" என்று எழுதியிருந்தார். பெங்களூரில் பெரிய வேலை. வருஷத்துக்கு ஒரு முறை மாம்பழ சீசனில் ஊருக்கு வருவார். இந்த முறை வந்ததற்கு மாம்பழத்தோடு இதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். பர்கூர் அவளுக்கு விதியே என்று வந்து சேர்ந்த இடம் இல்லை. அவள் தேடி எடுத்தது. உட்கார்ந்து யோசித்து எடுத்தது.

எப்படி எடுத்தாள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்துவைத்து, அவற்றின் பின்பக்கத்தில் போன வருஷத்துக் கட்-ஆஃப் எல்லாம் எழுதியிருந்தாள். கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது, மொத்தம் இருநூறு. அதில் தன்னுடையது எவ்வளவு, எந்தக் கல்லூரி எந்தப் பிரிவு எதில் முடிந்தது என்று தாள் தாளாக. பென்சிலில்தான் எழுதுவாள், அழித்து அழித்து மாற்ற வேண்டுமே. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாகப் பதிகிற சாய்ஸ் ஃபில்லிங்கை என் போனில்தான் செய்தோம். நான் இருக்கிற வேகத்தில் எதையாவது அழுத்திவிடுவேன் என்று போனையே என் கையில் கொடுக்கவில்லை. எங்கே படித்தாலும் இ.இ.இ.தான், அதாவது மின், மின்னணுப் பொறியியல்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டர் எடுத்தால் என்ன என்று அக்கா வீட்டுக்காரர் கேட்டதற்கு, "அப்பா, நம்ம மோட்டார் காயில் எரிஞ்சா இப்ப யாரு கட்றாங்க?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதே நேரத்தில் தினம் நாலைந்து போன். பெங்களூரிலிருந்து. எண்ணை யார் கொடுத்தார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். "மேடம், ஸ்காலர்ஷிப் போக இவ்வளவுதான் மேடம், இன்னைக்கு டோக்கன் போட்டா சீட் லாக் பண்ணிடலாம் மேடம்." அக்காவை வாழ்நாளில் யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அவளுக்கே ஒரு நாள் மனசு ஆடிவிட்டது. ஆடாதது சின்னவள்தான்.

இப்போது "ஓசி சீட்டு" விஷயத்துக்கு வருகிறேன். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கு 2021இலும் சட்டமாக வந்தது. அதில் வருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் அரசு கட்டுகிறது. அதற்கு மேல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். சரி, ஓசிதான். யார் இல்லை என்றார்கள்? கூரை ஒழுகும் வகுப்பறையில் ஏழு வருஷம் உட்கார்ந்து எழுதியதற்குக் கிடைத்த ஓசி. பிள்ளையை லட்சக்கணக்கில் கட்டி உண்டு உறைவிடப் பள்ளியில் போட்டு, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே ரெண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்யவைத்தோமே, அது மட்டும் உழைப்பா? ரேங்க் அறிவிப்பதை 2017இல் நிறுத்தும் வரைக்கும் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று நம் பக்கத்துத் தனியார் பள்ளிகள் ஃபிளக்ஸ் வைத்தபோது ஒருத்தர்கூட காரை நிறுத்திப் படமெடுத்துச் சிரிக்கவில்லை.

இந்தச் சலுகைகளில் இன்னொன்றும் பலருக்குத் தெரியவில்லை. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிறவர்களுக்கான முதல் பட்டதாரிச் சலுகையோ 7.5 சதவீதமோ, இங்கே கவுன்சிலிங் வழியாகப் போனால்தான். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி டோல்கேட்டைக் கடந்துவிட்டால் ஒன்றும் செல்லாது. அங்கே நம் பிள்ளை வெளிமாநிலத்துக்காரன். பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீடுதான், அதில் அவர்கள் சொன்னதுதான் பணம். டோல்கேட்டைத் தாண்டி அரை மணி நேரத்தில் இவ்வளவு மாறுகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பெண்ணைத்தான் "தாண்டி யோசிக்கத் தெரியாதவள்" என்கிறீர்கள்.

ஏற்கெனவே ஒருத்தர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார். "அவளோட ஃபர்ஸ்ட் சாய்ஸ் பர்கூரா இருந்துச்சா?" இல்லை. முதலில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, தடாகம் ரோட்டில் இருக்கிறதே, அது. ரெண்டாவது பர்கூர். மூன்றாவது சேலம் கருப்பூர். கோவை கிடைக்கவில்லை. அதனால் என்ன? கோவையும் நம் மாநிலம்தான், அரசுக் கல்லூரிதான். நான் சொன்னதுக்கு அது இன்னும் பலம்தானே. இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

"அப்ப யாருமே வெளியே போய்ப் படிக்கக் கூடாதா, உலகத்தைப் பார்க்க வேண்டாமா" என்று அடுத்து கேட்பீர்கள். தாராளமாகப் போகட்டும். ஐ.ஐ.டி. கிடைத்தால் காஷ்மீருக்கே போகட்டும், நானே பெட்டி தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருகிறேன். ஆனால் உலகம் என்று நீங்கள் சொல்வது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் ரெண்டு தளம் வாடகைக்கு எடுத்து நடத்துகிற காலேஜ் என்றால், மன்னிக்கவும்.

"அரசுக் கல்லூரியில் வாத்தியாரே இல்லையே" என்பதுதான் எனக்கும் உறுத்துகிற கேள்வி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தமிழ்நாடு முழுக்கவே அரசுக் கலைக் கல்லூரிகளைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் தாங்கிப் பிடிக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கிற பணத்தைச் சொன்னால் கௌரவம் என்ற சொல்லே கோபித்துக்கொள்ளும். அதைப் பற்றி எழுதுங்கள் அண்ணே, நான் பகிர்கிறேன். ஃபிளக்ஸைப் படமெடுக்கிற கையால் அதையும் ஒரு படம் எடுங்கள்.

நானும் பர்கூர்தான். 1999 சேர்க்கை, மெக்கானிக்கல். கல்லூரி தொடங்கியது 1994இல், ஆக நான் போகும்போது அதற்கு ஐந்து வயது. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம்கூட இல்லை, 2004இல்தான் பிரித்தார்கள். நுழைவுத் தேர்வு இருந்த காலம். கவுன்சிலிங் சென்னையில், அண்ணா பல்கலைக்கழகத்தில். அப்பாவும் நானும் ராத்திரி பஸ் ஏறி, பாரிமுனையில் பல் தேய்த்து, கிண்டிக்குப் போனோம். திரையில் ஒவ்வொரு கல்லூரிக்கும் எத்தனை இடம் மிச்சம் என்று எண்கள் குறைந்துகொண்டே வரும். நாங்கள் பார்க்கும்போதே சேலம் போய்விட்டது. அப்பா, "பர்கூர் இருக்குதா பாரு, அது நம்ம ஊரு" என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பர்கூரை வைத்துக்கொண்டுதான் ஓசூர் சிப்காட்டில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்கிற நூற்றுக்கணக்கான கம்பெனிகளும் இருக்கிற ஊர். இப்போது போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையே வந்துவிட்டது. மோட்டார் படிக்கிற பிள்ளைக்கு இந்த மாவட்டத்தை விட்டால் வேறு எங்கே? வேலைக்கு ஆள் எடுக்கிறபோது எதிரில் உட்காருகிறவன் நான். காலேஜ் பெயரைப் பார்த்து எடுத்ததில்லை. மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து ரீடிங் சொல் என்பேன். பெரிய பெயர் போட்ட டி-ஷர்ட்டில் வந்த பையன்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

சரி, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். எல்லாரும் அப்படி இல்லை.

உண்மையில் எனக்கு அந்த அண்ணன் மேல் மட்டும் கோபம் இல்லை. தருமபுரி என்றாலே ஒரு சிரிப்பு இருக்கிறது பாருங்கள், அதுதான். அரசு ஊழியரை மிரட்ட வேண்டுமென்றால் "தருமபுரிக்குத் தூக்கி அடிச்சிருவேன்" என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம், 68.5 சதவீதம். அதையும் சொல்லிச் சிரிப்பார்கள். என் பல்லைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஃப்ளோரைடு தண்ணி குடித்து வளர்ந்த பல், பழுப்புக் கோடு கோடாக இருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013இல். எனக்குப் பல் முளைத்தது அதற்கு ரொம்ப முன்னால். முதல் இன்டர்வியூவில் வாயைத் திறக்காமலே பேசப் பார்த்தேன். "சரியா கேட்கலை, சத்தமா சொல்லுங்க" என்றார் எதிரில் இருந்தவர்.

இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நான் ஒரு தப்பு செய்தேன். இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

என் தம்பி. 2005. மதிப்பெண் குறைவுதான். ஆனால் இங்கேயே ஏதாவது பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று போயிருக்கலாம். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு ஏஜெண்டு இருந்தார். கண்ணாடி மேஜை, பெங்களூர்க் காலேஜ் கலர்ப் புத்தகங்கள். அப்பாவுக்கும் ஆசை. அவர் பெங்களூரில் கான்கிரீட் வேலைக்குப் போய் வந்தவர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே போய், சனிக்கிழமை வருவார். "நான் கலவை போட்ட ஊர்ல எம்புள்ள படிக்கட்டும்" என்றார். முடிவு சொல்ல வேண்டியவன் நான், வீட்டில் படித்தவன் நான்தானே. "இங்க படிச்சா என்னை மாதிரிதாம்பா ஆவான், அனுப்புங்க" என்றேன். அப்படியேதான் சொன்னேன். ரெண்டு கறவை மாடும், கிணற்று மேட்டு நிலத்தின் அடமானமும்.

சேர்ந்த பிறகு தேர்வுக் கட்டணம் தனி, அந்த நிதி இந்த நிதி என்று ஒவ்வொரு செமஸ்டரும் ஒரு புதுப் பெயர். மூன்றாம் வருஷம் எங்களால் முடியவில்லை. நின்றுவிட்டான். பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழைக் கேட்டால், மிச்ச வருஷத்துப் பணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். ஒரு துண்டுக் காகிதத்துக்காக ஒன்பது மாதம் அலைந்தோம். ஏஜெண்டு ஆபீஸில் அப்போது செல்போன் கடை வந்திருந்தது. தம்பி இப்போது தக்காளி வண்டி ஓட்டுகிறான், பாலக்கோடு மண்டியிலிருந்து. நன்றாகத்தான் இருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருக்கும்.

இந்தத் தடவை சின்னவள் தாள் தாளாக எழுதிக்கொண்டிருந்தபோது நான் ஏன் வாயை மூடிக்கொண்டு போனைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன் என்று இப்போது புரியும்.

"குடும்பக் கதையை எதுக்கு இழுக்கிறீங்க, அவர் ஏதோ ஜோக்கா போட்டார்" என்று ஒருத்தர் நிச்சயம் எழுதுவீர்கள். எழுதுங்கள். ஜோக்கில் இருக்கிற பெண்ணுக்குப் பதினேழு வயது, அவளும் வாட்ஸ்அப் பார்க்கிறாள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவள் அழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "மாமா, நீங்க எதுவும் எழுதாதீங்க, எழுதினீங்கன்னா நெறையா எழுதுவீங்க" என்றாள். அதுவும் சரிதான்.

ஃபிளக்ஸைப் பையன்கள் நேற்றே அவிழ்த்துவிட்டார்கள். ஊரில் யாரும் ஃபிளக்ஸைத் தூக்கி எறிய மாட்டார்கள். அக்கா வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு மேல் போட்டுக் கல் வைத்திருக்கிறார்கள். எழுத்து மேல்பக்கம் தெரிகிற மாதிரிதான் போட்டிருக்கிறது. அண்ணன் அடுத்த சீசனுக்கு வரும்போது படம் எடுப்பதென்றால் கொஞ்சம் ஏணி வைத்து ஏற வேண்டியிருக்கும். மாடு முட்டும், பார்த்து.