பெட்டியில் 600, கணினியில் 90
மாடி அறைக் கணினிக்காகச் சுவரைத் துளைக்க வேண்டாமே என்று, வீட்டு மின்கம்பியின் வழியாகவே இணையத்தைக் கடத்தும் பவர்லைன் அடாப்டர் ஒன்றை நம்பி வாங்கினேன். பெட்டியின் மேல் 600 எம்பிபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டவர்கள், கணினிக்கான கம்பியைச் செருகும் அதன் ஈதர்நெட் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தராது என்பதை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அந்த 600 கூட வருவதையும் போவதையும் சேர்த்துச் சொல்லும் ஏட்டுக்கணக்குதான்.

சரி, 1200 என்று போட்ட ஹோம்பிளக் ஏவி2 என்ற பவர்லைன் தரநிலை வகையை வாங்கலாம் என்றால், ஒரே நேரத்தில் பல கம்பி இணைகளில் தரவை அனுப்பும் அதன் மைமோ நுட்பம் எர்த் கம்பியும் ஒழுங்காக இருந்தால்தான் முழுப் பயனைத் தரும். எங்கள் பழைய வீட்டில் எர்த் என்பது பெயருக்கு ஒரு துளை. போதாக்குறைக்கு, மும்முனை இணைப்பில் மாடியும் கீழ்த்தளமும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் சிக்னல் தேய்ந்துவிடும் என்பதையோ, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகக் கூடாது என்பதையோ கடைக்காரர் வாய் திறந்து சொல்லவில்லை.

எல்லாவற்றையும் விடக் கோபம் வருவது, பெட்டியில் ஒட்டியிருக்கும் ‘கேமிங்’ என்ற சிவப்பு முத்திரையைப் பார்க்கும்போதுதான். விளையாட்டுக்கு வேண்டியது உச்ச வேகம் அன்று, ஏறி இறங்காத பிங், அதாவது தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம். அதுவோ, அம்மா சட்னி அரைக்க மிக்ஸியைத் தட்டிய நொடியில் (அது எப்போதும் நான் சுட வேண்டிய நொடியாகவே இருக்கிறது) கூரையைத் தொடுகிறது.

சுவரைத் துளைக்க நாளைக் காலை எலெக்ட்ரீஷியன் வருகிறார்.