பாம்பனுக்கு இந்த ஓராண்டு: பாலம் தவிரவும் கணக்கு இருக்கிறது

ஆண்டுக் கடைசி வந்தால் எல்லோரும் "இந்த ஆண்டின் சிறப்புகள்" போடுகிறார்கள். பாம்பன் என்றதும் ஒரே படம்தான்: நீலக்கடல் நடுவில் புது ரயில் பாலம், மேலிருந்து டிரோனில் எடுத்தது. படம் அழகுதான். ஆனால் ராமேஸ்வரம் தீவில் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை, வாடைக்காற்றில் தொடங்குகிறது. அதனால் 2024 கார்த்திகை முதல் 2025 கார்த்திகை வரை எண்ணுவதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும். அப்படி எண்ணினால் முதலில் வருவது பாலம் இல்லை, மழை.

2024 நவம்பர் 20. பாம்பனில் பகல் 11.30 முதல் 2.30 வரை மூன்றே மணி நேரத்தில் 19 செ.மீ. கொட்டியது. ராமேஸ்வரத்தில் அன்றைய மழை 40 செ.மீ. தாண்டியது. "மேகவெடிப்பு" என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டு எல்லோரும் கடந்துபோய்விட்டார்கள். பெயர் வைத்தால் தண்ணீர் வடியுமா? இது மணல் தீவு. மழையைத் தரை குடித்துவிடும் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. குடிக்கத் தரை வேண்டுமே! முற்றம், சந்து, விடுதி வாகன நிறுத்தம் என்று எங்கு பார்த்தாலும் சிமெண்ட். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடும்போது ஒவ்வொரு முறையும் தெரு சில அங்குலம் உயர்கிறது, வீட்டு வாசல் பள்ளமாகிறது. போதாததற்கு, கடலில் விழும் கால்வாயின் வாய் ஓதம் ஏறும் நேரத்தில் தண்ணீரை வெளியே விடாது, உள்ளே தள்ளும். மோட்டார் வைத்து இறைப்பது அன்றைய பாட்டுக்கு உதவும். சுரண்டிவிட்டுத் தார் போடு, ஊருணிக்குப் போகும் வரத்துவாய்க்காலைத் திற: செலவு குறைவு, திறப்பு விழா வைக்க முடியாது. அதனால்தான் நடக்கவில்லை என்பது என் கருத்து.

சரி, பாலம். 2022 டிசம்பர் 23இல் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6இல் புதுப்பாலம் திறந்தது. நடுவில் இரண்டு வருடம் மூன்றரை மாதம், எதிர்க்கரையில் உள்ள மண்டபம் ஸ்டேஷனில் இறங்கி மூட்டை முடிச்சோடு பஸ்சுக்கு நிற்பதுதான் நிலைமை. அதை அனுபவித்த எவரும் இந்தப் பாலத்தைக் குறைத்துப் பேச மாட்டார்கள். தாம்பரத்துக்குப் புது ரயிலும் வந்தது. திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாகப் போவதால் டெல்டாக்காரர்களுக்கு ராமேஸ்வரம் நேரடியாகக் கிடைத்தது. இது உண்மையிலேயே பெரிய வசதி.

1914ஆம் ஆண்டுப் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட இரண்டு இறக்கைகள் கதவு போலப் பிரிந்து மேலே எழும், இரு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்ற வேண்டும். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு, சுமார் 660 டன், அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது. இரு கோபுரங்களிலும் கப்பி, அதில் இரும்பு வடம், மறுமுனையில் எதிர் எடை. கிணற்று ராட்டினத்தில் இரு பக்கமும் சமமான வாளி கட்டியது மாதிரி. எடை சமமாக இருப்பதால் மோட்டாருக்கு வேலை குறைவு. சிக்கல் வேறு இடத்தில். நான்கு மூலையும் ஒரே சீராக ஏறி இறங்க வேண்டும். ஒரு மூலை கொஞ்சம் முந்தினாலும் துண்டு சாயும், கட்டுப்பாட்டு அமைப்பு உடனே நிறுத்திவிடும். திறந்த அன்றே இறக்கும்போது ஒரு தடங்கல், ஆகஸ்ட்டில் ஒருநாள் மறுபடி மக்கர் பண்ணி ரயில்கள் மணிக்கணக்கில் காத்து நின்றன. பழுது வராத இயந்திரம் கிடையாது. ஆனால் இங்கே உப்புக்காற்று வேலை செய்யாத நாளும் கிடையாது. வடத்துக்குக் கிரீஸ், மூட்டுக்குப் பெயிண்ட், உணர்கருவிக்குச் சோதனை, இவற்றுக்கு மாதாமாதம் ஆளும் காசும் ஒதுக்கியிருக்கிறார்களா என்றுதான் கேட்க வேண்டும்.

பயணிகளுக்கு ஒரு தகவல்: காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தொட்டால் சிக்னல் தானாகச் சிவப்பாகும். ரயில் மண்டபத்திலேயே நின்றால் டிரைவரைத் திட்டாதீர்கள். பழைய பாலத்தைப் பற்றி ஒரே வரி: அந்த இரண்டு இறக்கைகளையாவது கரையில் நிறுத்திவைக்க வேண்டும், பழைய இரும்புக்குப் போடக் கூடாது.

இனி ஊர் உண்மையில் எண்ணுகிற கணக்கு. கடலுக்குப் போன நாட்கள்.

விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. 52 வாரத்துக்கு 156 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அதில் 26 நாள் போச்சு. மீதி 130. பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோதும் அதே கதைதான். பிப்ரவரி கடைசியில் மீனவர் கைதைக் கண்டித்து வேலைநிறுத்தம், தங்கச்சிமடத்தில் பந்தல் போட்டு உண்ணாவிரதம். ஆகஸ்ட்டிலும் வேலைநிறுத்தம். எல்லாம் கழித்து நூறு நாள் மிஞ்சினால் பெரிய விஷயம். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய் சொச்சம். தடைக்காலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மீன் குஞ்சு பொரிக்க அது வேண்டும். ஆனால் அந்த 131 ரூபாயை வைத்துக்கொண்டு சிறப்புகள் பட்டியலைப் படித்துப் பாருங்கள்.

அந்த இரண்டு மாதமும் படகுக்காரர்கள் சும்மா இருப்பதில்லை. மரப்படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியும் பாசியும் சுரண்டி, பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடித்து, பெயிண்ட் பூசி, எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவார்கள். சித்திரை வெயிலில் பலகை காய்ந்து சுருங்கியிருக்கும். இறக்கிய முதல் இரண்டு மூன்று நாள், பலகை ஊறி இறுகும் வரை தண்ணீர் கசியும். அதனால் ஜூன் 14 ராத்திரி இறக்குகிறவன் மாட்டிக்கொள்வான். நாலு நாள் முன்னாலேயே இறக்கிவிடுவது நல்லது. முதல் நாள் எல்லாப் படகும் சேர்ந்து வந்து இறங்கும்போது இறால் விலை சரியும். வருடா வருடம் இதே புகார். ஐஸ் போட்டு நான்கு நாள் பிடித்துவைக்க ஊரிலேயே குளிர்கிடங்கு இருந்தால் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா 2025 மார்ச் 14, 15இல் நடந்தது. 2024இல் கைதைக் கண்டித்து ராமேஸ்வரம் பக்கத்தில் புறக்கணித்தார்கள். இந்த முறை படகுகள் போயின. வெள்ளி கொடியேற்றம், சிலுவைப்பாதை. சனி காலை திருப்பலி, உடனே திரும்பல். அக்கரைச் சொந்தங்களைப் பாஸ்போர்ட் இல்லாமல் பார்க்க வருடத்தில் இருப்பது அந்த ஓர் இரவுதான்.

யாரும் பட்டியலில் சேர்க்காதது கடற்பாசி. 'பெப்சி பாசி' என்று ஊரில் சொல்கிற கப்பாபைகஸ், பெண்கள் கையில் நடக்கும் தொழில். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 துண்டு, துண்டு 150 கிராம். ஆக மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் நன்றாக வந்தால் 240 கிலோ. அதில் 60 கிலோ மறு விதைப்புக்கு எடுத்தால், மீதி காய்ந்தபின் சுமார் 18 கிலோதான் தேறும். அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் மேய்ந்துவிடும். வாடை அடித்தால் மிதவை உடையும். தண்ணீர் சூடேறினால் தண்டு வெளுத்து, கையில் எடுத்தாலே ஒடியும். தெற்கே மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளப்பாறை மேல் இதே பாசி படர்ந்ததும் உண்மை, ஆகவே எங்கே போடுவது என்பதில் கண்டிப்பு வேண்டும்.

ஆனால் பெரிய நட்டம் கரையில்தான். பாதி காய்ந்த பாசி மேல் ஒரு மழை பெய்தால் உப்பும் சாரமும் கழுவிப் போய்விடும், வியாபாரி பாதி விலை சொல்வார். மணலில் பரப்பினால் மணல் கழிவு என்று எடையில் பிடிப்பார். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் வலைத்தட்டு, மேலே இழுத்து மூடுகிற தார்ப்பாய்க் கூரை. ஊருக்கு இரண்டு போதும். ஐப்பசிக்குள் போட வேண்டும், தையில் போட்டால் அந்த வருஷத்து மழைக்கு உதவாது.