பலகையில் டேக் இல்லாதவன்

அந்தக் காணொளியை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும் சாமி, பார்த்துவிட்டேன். நடுராத்திரி, முகமூடி போட்ட மூன்று பேர் இங்கே சிங்கப்பூரில் ஒரு சுரங்க வாசல் பூட்டில் கம்பியை விட்டு நெம்புகிறார்கள். திறக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஓடுகிறார்கள். பின்னணியில் பாட்டு வேறு.

"பசங்க சும்மா எட்டிப் பார்க்கப் போனாங்க, இதுக்குப் போய் போலீஸா?" என்று கேட்பவர்களே, அந்தக் கதவுக்குக் கீழே ஆள் இருக்கிறான். அது காலிக் குகை இல்லை.

மின்கேபிள் சுரங்கம் என்றால் சுமார் 60 மீட்டர் ஆழம். இருபது மாடி புளோக் ஒன்றை அப்படியே உள்ளே இறக்கிவிடலாம். 400 கிலோவோல்ட் கேபிள் ஓடுகிறது. மரினா பேயில் குடிநீர், நியூவாட்டர் என்கிற சுத்திகரித்த மறுபயன்பாட்டு நீர், மின்சாரம், தொலைத்தொடர்பு எல்லாம் ஒரே சுரங்கத்தில் போகின்றன. மேலே காப்பி குடிப்பவருக்கு அது தெரிய வேண்டியதில்லை, சரி. ஆனால் கம்பியோடு வருகிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

நான் வெளிநாட்டு ஊழியன். இந்த மாதிரிச் சுரங்கங்களில் நான் பார்ப்பது வாசல் காவல் மாதிரியான வேலை. பெர்மிட் இல்லாமல் யாரையும் இறக்க மாட்டேன். முதலில் உள்ளே இருக்கிற காற்றை அளக்கும் கேஸ் மீட்டர். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் முதலாளியே வந்து நின்றாலும் இறங்க முடியாது. இறங்குகிறவன் தன் பெயர் டேக்கைப் பலகையில் மாட்டுவான், ஏறியதும் எடுத்துக்கொள்வான். அலாரம் அடித்தால் பலகையைப் பார்த்துத்தான் ஆளை எண்ணுவேன். பூட்டை உடைத்து நுழைந்தவனுக்கு ஏது டேக்? அவன் உள்ளே மயங்கிக் கிடந்தால் என் கணக்கில் அவன் இல்லவே இல்லை. அவன் சத்தம் கேட்டு யாராவது உள்ளே ஓடினால் போவது எங்கள் ஆளின் உயிர். காப்பாற்றப் போனவனும் சேர்ந்து சாவது இந்த வேலையில் பழைய கதை.

2024 மே மாதம் சுவா சூ காங் நீர்நிலையத்தில் தொட்டியைச் சுத்தம் செய்தபோது ஹைட்ரஜன் சல்பைடு என்கிற நச்சுவாயு தாக்கி இறந்தவர் நம்ம ஊர்க்காரர். அனுமதியோடு வேலைக்குப் போன மனிதர் அவர். இவர்கள் லைக்குக்காகப் போகிறார்கள்.

"பூட்டுதான் திறக்கலையே" என்பீர்கள். பூட்டுக்கு நன்றி, வேறென்ன சொல்ல. "எல்லாத்துக்கும் சட்டமா" என்பவர்களுக்கு: 2010இல் சாங்கி ரயில் பணிமனை வேலியை வெட்டி நுழைந்து ரயிலில் படம் வரைந்த சுவிஸ்காரருக்கு மேல்முறையீட்டுக்குப் பிறகு ஏழு மாதச் சிறை, மூன்று பிரம்படி. அப்போதும் கலை, ஆர்வம் என்று பேச ஆள் இருந்தது.

ஆர்வம்! இந்தச் சொல்தான் என்னைக் கடுப்பேற்றுகிறது. சில வருஷங்களுக்கு முன் இரவு ஷிப்ட் முடிந்து, இதே மாதிரி ஒரு வாசல் வேலியோரம் லாரிக்காகக் காத்திருந்தோம். நான்கு பேர். பூட்ஸ் முழுக்கச் சேறு, கையில் ஹெல்மெட். யாரோ போலீஸுக்குப் போன் போட்டுவிட்டார்கள். அரை மணி நேரம் ஒர்க் பெர்மிட் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றோம். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் நாங்கள் சும்மா உட்கார்ந்தாலே சந்தேகம், இவர்கள் கம்பியால் நெம்பினால் ஆர்வம். கூட இருந்த மன்னார்குடித் தம்பி, "அண்ணே, நாம வேலை செய்யற இடந்தானேண்ணே இது?" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

"எல்லாத்திலயும் இனம் பார்க்காதே" என்று ஒருத்தர் வருவார். வாருங்கள். காணொளி வந்த முதல் மணி நேரத்துக் கமெண்டுகளை அவரே போய்ப் படிக்கட்டும். முகமூடிக்குள் யார் என்று தெரியாதபோதே "செம்புக் கேபிள் திருட வந்த வெளிநாட்டு ஊழியர்கள்" என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. முகம் தெரிந்ததும் அதே ஆட்கள் "சின்னப் பசங்க, விட்டுடுங்க". 2025 ஜூலையில் தஞ்சோங் காத்தோங் சாலையில் குழி விழுந்து கார் உள்ளே போனபோது கயிறு போட்டு அந்த அம்மாவைத் தூக்கியவர்களும் இதே வெளிநாட்டு ஊழியர்கள்தான். அப்போது ஒரு வாரம் நாங்கள் ஹீரோ.

அந்தச் செம்புத் திருடன் கமெண்டை இன்னும் யாரும் எடுக்கவில்லை. இன்று காலை பார்த்தேன், லைக் கூடியிருக்கிறது.